கறுப்புக் கோடு விழுந்த பைகள்

ஆறு மாணவர்கள். ஆறு பேரும் ஒரே நிறத்தில் டீசேர்ட் அடித்திருந்தார்கள். முதுகில் ‘பாதுகாப்பே முதல்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் உரம் கலந்திருந்தால் ஊதாவாக மாறும் பற்றீரியா ஒன்றைச் செய்து, வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். ஊதா நன்றாகத்தான் வந்தது. அதை உருவாக்கும்வரை இருந்த உற்சாகம் அதைக் கொல்லும் வேலையில் இல்லை.

பிலிமத்தலாவைக்கு மேலே அவர்கள் படிக்கும் தனியார் கல்வி நிறுவனத்தில் எனக்கு இரவு வேலை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவேன், குளிர் அறையைப் பார்த்துக்கொள்வேன். இதே படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன். ஆகவே அங்கே நடப்பது புரியும். யாரும் என்னிடம் கேட்பதில்லை.

பற்றீரியா வளர்த்த தட்டுகளைப் பையில் கட்டி, ஓட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டியில் வேகவைத்த பிறகுதான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். பையில் ஒரு டேப் ஒட்டுவோம். வெந்தால் அதில் கோடுகள் கறுக்கும். துப்புரவு வேலை செய்யும் சுந்தரியக்காவுக்கு அங்கே சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்: கோடு கறுத்திருந்தால் தூக்கலாம், இல்லாவிட்டால் கிட்டப் போகக்கூடாது. பையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அவரால் வாசிக்க முடியாது. கையுறையும் கொடுத்ததில்லை.

நீராவிப் பெட்டி மூடியின் ரப்பர் வளையம் கிழிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அது இல்லாமல் பெட்டியில் எதுவும் வேகாது. புதியது கொழும்பிலிருந்து வரும்வரை பைகள் குளிர் அறையில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் பின்வாசலில் மூன்று பைகள். மூன்றிலும் கறுத்த கோடு.

வெந்த பை சுருங்கிக் கிடக்கும். இவை கடையில் வாங்கியபடியே விறைப்பாக இருந்தன. குனிந்து டேப்பைப் பார்த்தேன். நடுவில் கரி, ஓரத்தில் வெளிர் மஞ்சள், ஒரு நுனியில் சட்டை தீய்ந்தது போல் பழுப்பு. சுந்தரியக்கா ஒரு பையை ஏற்கெனவே கையில் தூக்கியிருந்தார். ஏழு மணிக்குக் குப்பை டிரக்டர் வரும். கீழே வைக்கச் சொன்னேன். பையின் மூலை ஈரமாக இருந்தது. அவர் உள்ளங்கையில் ரொட்டிக்கல் சுட்ட கொப்புளம் உடைந்திருந்தது.

மாணவர்களின் அணித் தலைவி தர்ஷிகாவும் அதே அணியின் அர்கமும் போன் சகிதம் வந்தார்கள், படம் பிடிக்க. கேட்டதும் தர்ஷிகா மறைக்கவில்லை. ஹொஸ்டலில் டேப்பைப் பேப்பர் மேல் வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தாளாம். பாதுகாப்புப் படிவத்துக்குப் படம் வேண்டும், நாளை கடைசி நாள். வேலைக்குப் பிந்தியதற்குக் காரணம் சொல்வது போலச் சொன்னாள்.

“இது ஒண்டும் செய்யாத ஜாதிப் பற்றீரியா, அண்ணன்,” என்றான் அர்கம். “குடிச்சாலும் ஒண்டும் ஆகாது.”

“அப்ப குடி.”

அவன் சிரித்தான். குடிக்கவில்லை. அந்த ஜாதிக்குள் அன்டிபயோடிக் மருந்துக்கு அடங்காத மரபணு ஒன்றை இவர்களே செருகியிருக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

வெளிநாட்டு நடுவர்களை ஏமாற்றுவதாக இந்த மேதைகள் நினைத்தார்கள். நடுவர்கள் பார்க்கப்போவது ஒரு படம். அந்தக் கோட்டை நம்பிப் பையில் கை வைக்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான்.

சுந்தரியக்கா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். “போன வெள்ளிக்கிழமையும் ரெண்டு பை கொண்டுபோய் டிரக்டர்ல போட்டேனே. அதுவும் இப்படித்தானா, பாப்பா?”

தர்ஷிகா போனைப் பார்த்தாள்.

அது போதும். டேப்பையும் பைகளையும் படம் எடுத்து, போட்டியின் பாதுகாப்புக் குழுவுக்கு என் பெயர் போட்டே அனுப்பினேன். போன வெள்ளிக்கிழமைப் பைகளையும் எழுதினேன்.

தர்ஷிகா போன் பண்ண, அணியின் மேற்பார்வையாளர் கலாராணி மேடம் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்தார். பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி என்னிடம் பேசினார். படிப்பை முடிக்காதவர்களின் பொறாமை பற்றியும் பேசினார். என் ஒப்பந்தம் மாத முடிவில் முடிகிறதாம். போன பைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. டிரக்டர் குப்பை கொட்டும் இடத்தில் மாடு மேய்கிறது. அதை நான் சொன்னேன். அவர் முகம் சுளித்தார், மாட்டை நான் ஓட்டிவந்தது போல.

கடைசியில் பைகளைத் திரும்பக் குளிர் அறையில் வைக்கும்படி சுந்தரியக்காவிடம் சொன்னார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை.

“நான் தூக்க மாட்டேன், மேடம்.”

“இது ஒன்றும் செய்யாது, சுந்தரி. நான் சொல்றேன்தானே.”

“அப்ப நீங்க தூக்குங்க. நான் கதவைத் தொறந்து வைக்கிறேன்.”

வாசலில் டிரக்டர் ஹோன் அடித்தது. யாரும் நகரவில்லை. அது போய்விட்டது. மேடம் அலுமாரியைத் திறந்து கையுறை எடுத்துப் போட்டார். அதற்கு மேல் இன்னொரு சோடி போட்டார். பிறகு தர்ஷிகாவிடம், முகக்கவசம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.