எங்க இடம்

காரை நிறுத்தியதும் சொல்லிவிடலாம் என்று உமாத்தாக் ஊர் வளைவில் நினைத்தாள், மேடேறியதும் சொல்லிவிடலாம் என்று காரை நிறுத்தும்போது நினைத்தாள், இப்போது சோலேதாத் கோட்டையின் புல்தரையில், அக்காவின் கை வழக்கம்போல் முழங்கைக்கு மேலே பற்றியிருக்க, அந்தக் கொரியாக்காரர்கள் பீரங்கிமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடட்டும், அப்புறம் சொல்லலாம் என்று மினா தள்ளிப்போட்டாள்... எப்படித் தொடங்குவது, எங்கிராசியா அக்கா, நான் தீவை விட்டுச் சான் டியேகோ போகிறேன், என் மகள் இசாவுக்குக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியவில்லை, டிக்கெட் எடுத்தாகிவிட்டது, உன்னைத் தம்பி கிக்கோ பார்த்துக்கொள்வான்... உன்னை என்று வாயெடுத்தாலே ஒரு பீரோவை எங்கே நகர்த்துவது என்று பேசுகிற மாதிரி இல்லையா. கிக்கோவும் போனில் அப்படித்தான் பேசினான், கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும், சரிப்படவில்லை என்றால் எங்கள் பின்கட்டு அறைக்குக் கூட்டிவந்துவிடுகிறேன், வீட்டை வாடகைக்கு விடலாம் என்று, மினாவும் தலையாட்டினாள், அவள் தலையாட்டியது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"தண்ணி என்ன நிறத்துல இருக்கு?" என்றாள் எங்கிராசியா, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு. நீலம் என்றாள் மினா. "நீலம்னு குருடிக்குக்கூடத் தெரியும்டி. என்ன நீலம்?" சர்க்கரை அக்காவின் கண்ணைத் தின்று முடித்ததிலிருந்து இதுதான் மினாவின் வேலை, பார்த்துச் சொல்வது, கரை ஓரம் பச்சை கலந்திருக்கிறது, பாறை தாண்டினால் கறுத்துப்போகிறது, நடுவில் உன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி... "அப்ப வெளுத்துத்தான் கெடக்குன்னு சொல்லு." அக்கா தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். மூலையில் காவல் கூண்டு இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றாள் மினா, உள்ளே யாரோ கறுப்புச் சாயத்தால் பெயர் கிறுக்கியிருப்பதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது இப்போதெல்லாம் கைப்பழக்கம் ஆகிவிட்டது. கட்டிலிலிருந்து குளியலறைவரை கயிறு கட்டினாளே, நீ தடுமாறக்கூடாது என்பதற்காக என்றாள், மாத்திரைப் புட்டிகளில் ரப்பர் வளையம் மாட்டினாளே, தடவினால் தெரியும் என்றாள், உண்மையில் எதற்காக என்று சொன்னாளா? அக்கா ஜெபமாலைக்கு வந்த பெண்களிடமெல்லாம் அந்தக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள், எந்தத் தங்கச்சி இவ்வளவு செய்வாள் என்று, பெண்கள் மினாவைப் பார்த்தார்கள், மினா சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவிவைத்த அரிசியை மறுபடி கழுவினாள். ஒருத்தியை விட்டுப் போவதற்கான ஏற்பாடும் அவளிடம் வைத்த அன்பும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்குமா... உள்ளேயும் அப்படித்தானோ, கயிற்றை முடிச்சுப்போடும்போது மனசு நிறைந்துதானே இருந்தது, அதுதான் இன்னும் மோசம்.

கொரியாக்காரர்கள் போய்விட்டார்கள். சரி, இப்போது... "எனக்கு ஒதுங்கணும்" என்றாள் எங்கிராசியா. கழிப்பறை பூட்டிக்கிடந்தது. மினா அவளைச் சுவரை ஒட்டிச் சவுண்டல் புதர்ப்பக்கம் கூட்டிப்போனாள், ஒரு கணம் தப்பித்தோம் என்று இருந்தது, ஒண்ணுக்குப் போகிறவளிடம் யாராவது இதைச் சொல்வார்களா. புதரின் வாயில் அக்கா நின்றுவிட்டாள். முன்னால் வாழ்ந்தவர்கள் இன்னும் இருக்கிற காடு, கேட்காமல் கால் வைக்கக் கூடாது, கேட்காமல் போன பெரியப்பா மகனுக்குக் கால் பூசணியாக வீங்கியதை உமாத்தாக்கில் யாரும் மறக்கவில்லை. "நீ கேளு, ரெண்டு பேருக்கும் சேர்த்து. போனையே பார்த்துக்கிட்டிருக்கிற மூஞ்சி, அவங்களுக்கும் கொஞ்சம் காட்டு."

மினா செருப்பைச் சேர்த்துவைத்து நின்றாள். "பாட்டி, தாத்தா, எங்களைப் பொறுத்துக்குங்க. உங்க இடத்துல கொஞ்சம் போய்க்கிறோம். நீங்க எங்க இடத்துக்கு வந்தா..." நாக்கு நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து எத்தனை புதரில் சொன்ன வார்த்தை, எங்க இடம், கேட்கிறவரை வெளியே நிறுத்திவிட்டு அக்காவும் தானும் மட்டும் உள்ளே இருக்கிற எங்க... அடுத்த மாதம் எது எங்க இடம், இசாவின் மூன்றாவது மாடி வீடா, சத்தமாக நடந்தால் கீழ்வீட்டுக்காரன் விட்டத்தைத் தட்டுகிற வீடா, பாட்டியும் தாத்தாவும் அவ்வளவு கடலைத் தாண்டி வந்து வாசலில் எந்தப் பொத்தானை அமுக்குவார்கள்? அவர்களிடம் பொய் சொன்னால் என்ன வீங்கும்?

"மறந்தே போச்சா? நீங்களும் தாராளமா போய்க்கலாம்னு சொல்லி முடிடி, என்னால தாங்க முடியலை."

"நீங்க... என் அக்கா இடத்துக்கு வந்தா, நீங்களும் தாராளமா போய்க்கலாம்."

காற்று நின்றது போல இருந்தது, நிற்கவில்லை, புதர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. எங்கிராசியா உள்ளே போய் உட்கார்ந்தாள், எழுந்தாள், சட்டையை நிதானமாக இழுத்துவிட்டுக்கொண்டாள், அவசரம் என்றவளுக்கு இத்தனை நேரமா. கேட்டிருக்கும், அந்தக் காதுக்கு அரிசி மூட்டையில் எறும்பு ஊர்வதுகூடக் கேட்கும்.

"முடிஞ்சுதா அக்கா?"

"நீதான் முடிச்சிட்டியே."

அதற்கு என்ன அர்த்தம், வேண்டுதலைச் சொன்னாளா, மற்றதையா... நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும், எப்படியோ வெளியே வந்துவிட்டது, அவள் கேட்டிருந்தால் சொன்னதுபோல்தான், இனி டிக்கெட்டைப் பற்றி மட்டும்... சொன்னதுபோலா? செத்தவர்களிடம் சொல்லி உயிரோடிருப்பவள் காதில் விழவைத்ததா சொன்னது? திருத்திச் சொன்ன வார்த்தைக்காவது உண்மை உண்டா என்று பார்த்தாள், அக்கா இடம், எது அக்கா இடம், பின்கட்டு அறையா, அவர்கள் வந்து விசாரிக்கும்போது இப்போதிருக்கிற வீட்டில் வாடகைக்காரன் இருப்பானே. இல்லாத இடத்துக்கு அழைப்பு வைத்துவிட்டாள், அதுவும் அக்காவின் பெயரில்.

மினா முழங்கையை நீட்டினாள். எங்கிராசியா கோட்டைச் சுவரை உள்ளங்கையால் தேடி, அதைப் பிடித்துக்கொண்டு, கார் இருக்கும் பக்கம் மெதுவாகத் தானே நடந்தாள். வேண்டாம் என்றா, இல்லை நீட்டியதே தெரியவில்லையா? இங்கே இருக்கிறேன் என்று வாய் திறந்து சொன்னால்தானே அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல முடியாமல், மினா கையை நீட்டியபடியே பின்னால் நடந்தாள்.