சிலுவையடியில் ஒரு முகம்

தவக்காலம் தொடங்கிய வாரமே அரண்மனை மேலாளர் கீஷார் ஒரு மூட்டைப் புத்தகங்களோடு, ஏடுகளுக்குப் படம் வரையும் பெரோனெல்லின் பட்டறைக்கு வந்துவிட்டார். அரசர் தள்ளிவைத்து மடத்துக்கு அனுப்பிய ராணி யோலாந்தின் முகம் இனி எந்தப் புத்தகத்திலும் இருக்கக்கூடாதாம். வரைந்தவளே சுரண்டித் தர வேண்டுமாம்.

“அவங்க என்னய்யா தப்பு பண்ணாங்க?”

“ஆம்பளப் புள்ள பெக்கல. உனக்கெதுக்கு அந்த வம்பு? சுரண்டு. இல்லேன்னா பாரிசுல ஒருத்தனும் உனக்குக் கன்னுக்குட்டித் தோல் விக்கமாட்டான். எதுல வரைவே?”

பெரோனெல்லின் புருஷன் செத்ததும், பொம்பளைக்கு அரண்மனைப் படவேலை எதற்கு என்று குதித்தவர் இதே கீஷார். “படம் வரையறது கையா, தாடியா?” என்று கேட்டு அவர் வாயை அடைத்தவர் ராணி. அந்த முகத்தையா சுரண்டுவது?

சுரண்டினாள். கத்தி தோலில் உரசும்போதெல்லாம் கீஷாரின் ஏழு தலைமுறையையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே சுரண்டினாள். அத்தனை பக்கங்களிலும் முகமிருந்த இடம் வெளிறிக் கிடந்ததைப் பார்க்கத் தன் கையே தனக்குக் கசந்தது.

அந்தக் கசப்போடுதான் உயிர்ப்பு ஞாயிறுக்கான புதுப் பூசைப் புத்தகத்தைக் கையிலெடுத்தாள். அதில் சிலுவைப் படம் மட்டும் பாக்கி. பூசையில் குருவானவர் அந்தப் பக்கத்தை விரித்து நீட்டுவார். அரசர் சபை முன்னால் குனிந்து ஆண்டவரின் பாதத்தை முத்தமிடுவார். பாதத்தடியில் மகதலேனா மரியாள் அழுதுகொண்டிருப்பாள்.

முட்டை தின்பது பாவமான காலம். சாயத்துக்கு வெள்ளைக்கரு எடுத்தால் மட்டும் பாவமில்லை. மஞ்சள்கருவைப் பக்கத்து வீட்டுப் பன்றிக்கு ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். பசைப்பூச்சின் மேல் வாயால் ஊதி ஈரமாக்கிப் பொன்தகடு ஒட்டினாள். பிறகு மகதலேனாவுக்கு ராணியின் அகன்ற நெற்றியையும், புருவத்தின் மேலிருந்த அம்மைத் தழும்பையும் வைத்தாள்.

உயிர்ப்பு ஞாயிறன்று அரசர் குனிந்தார். பாதி வழியில் நின்றார். பின்னால் ஆயர்களும் பிரபுக்களும் காத்திருந்தார்கள். முத்தமிடாமல் நிமிர்ந்தால் ஊர் என்ன சொல்லும்? முத்தமிட்டார். நிமிர்ந்தபோது காதுவரை சிவந்திருந்தது.

அன்று மதியமே கீஷார் புத்தகத்தோடு வந்து நின்றார்.

“இது யாரு?”

“ராணி யோலாந்த்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “மகதலேனான்னு ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா?”

“எதுக்குச் சொல்லணும்? பார்த்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சே.”

“சுரண்டு.”

“மாட்டேன். முன்ன சுரண்டினதுக்கே எனக்குச் சோறு இறங்கல.”

கீஷாரே கத்தியை எடுத்துக் குனிந்தார். ராணியின் முகம் நெற்றியிலிருந்து கன்னம்வரை ஆண்டவரின் பாதத்தில் அழுந்தியிருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு எதுவும் இல்லை. ஒரே சாயம், ஒரே பூச்சு. முகம் எங்கே முடிகிறது, பாதம் எங்கே தொடங்குகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என்னய்யா யோசனை? ஆண்டவர் காலையும் சேர்த்துச் சுரண்டுங்க. யார் சுரண்டினதுன்னு ஆயர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்.”

கீஷார் கத்தியை வைத்துவிட்டார். “இனிமே உனக்கு ஒரு தோலும் கிடைக்காதுடி.”

“கிடைக்காட்டிப் போகட்டும். வருஷா வருஷம் உங்க ராஜா அவங்க முன்னால குனியட்டும். எனக்கு அது போதும்.”