மாக்சிமின் எஞ்சின்

காருக்கு அடியிலிருந்து செபஸ்தியாம்பிள்ளை கையை மட்டும் நீட்டி, "பதினாலு" என்பார். பதினாலாம் நம்பர் ஸ்பனர் அந்தக் கையில் வந்து விழும். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. மனைவி பியட்றிஸும் தேடி எடுப்பதில்லை. ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் அது. தமிழ்ப் பூசை முடிந்து மற்றப் பெண்கள் லா சப்பல் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும் இரண்டு கோப்பையுமாக ரூ பிலிப்-து-ஜிரார் தெருப்பக்கம் நடந்துவிடுவாள். அங்கே ஒரு பழைய கட்டடத்தின் பின்முற்றத்தில், வாடகைக் கராஜில், பால் நிறத்தில் ஒரு பேஜோ 404 நின்றது. 1967ஆம் ஆண்டு வண்டி. ஓடாத வண்டி. அதை ஓட வைப்பதுதான் செபஸ்தியாம்பிள்ளையின் ஓய்வுகால வேண்டுதல்.

கழற்றிய ஆணிகளெல்லாம் ஜாம் போத்தல்களில் இருந்தன, நாற்பத்திரண்டு போத்தல். ஒவ்வொன்றிலும் பியட்றிஸின் குண்டெழுத்து: 'முன் இடது சில்லு', 'கதவுப் பிணைச்சல்', 'என்னெண்டு தெரியாது, எறிய வேண்டாம்'. அந்தக் கராஜுக்குள் எது எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

பக்கத்துக் கராஜ் ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது. போன செப்டெம்பரில் அதன் கதவு திறந்தது. திறந்தவள் மரி-லூயிஸ். வயது எழுபது. நரைத்த தலையை ஒட்ட வெட்டி, ஆம்பிளைக் காற்சட்டை போட்டிருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் செத்துப்போன புருசன் மாக்சிமின் சாமான்களை ஒதுக்க வந்தவள். மாக்சிமிடமும் ஒரு 404 இருந்ததாம். வண்டி துருப்பிடித்து இரும்புக்குப் போய்விட்டது. எஞ்சின் மட்டும் மரக்கட்டையின் மேல், கம்பளி போர்த்தபடி, நோயாளிபோல் இருந்தது.

அன்று தொடங்கியதுதான் பியட்றிஸின் வயிற்றெரிச்சல்.

"மதாம் நல்லா அறிஞ்சு வைச்சிருக்கிறா, பியட்றிஸ். பிஸ்டனைப் பற்றி மட்டும் ஒரு மணித்தியாலம் கதைச்சா."

"ஒரு மணித்தியாலமோ. என்னோடை நீங்கள் ஒரு மணித்தியாலம் கதைச்சது எப்ப?"

"உன்னோடை கதைக்க என்ன கிடக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அவளுக்கு அது தணலை அள்ளி மடியில் கொட்டியதுபோல் இருந்தது.

இரண்டு ஞாயிறு கழித்து அவள் போனபோது போத்தல்களில் அவளுடைய எழுத்தைக் காணவில்லை. ஒவ்வொன்றின் மேலும் புதுக் காகிதம் ஒட்டி, பிரெஞ்சில் எழுதியிருந்தது. செபஸ்தியாம்பிள்ளையின் கையெழுத்து.

"இது என்ன வேலை?"

"அவவுக்கும் விளங்கவேணும் எல்லோ."

"ஏன் அவவுக்கு விளங்கவேணும்?"

அவர் காருக்கு அடியில் நுழைந்துகொண்டார். "பதின்மூண்டு தா," என்றார்.

ஒக்டோபரில் மரி-லூயிஸ் ஒரு யோசனை சொன்னாள். அவள் பேசியது பிரெஞ்சு. பியட்றிஸுக்கு அதெல்லாம் விளங்கும், திருப்பிப் பேசத்தான் நாக்குப் பின்வாங்கும். "பனிக்காலம் வருகிறது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுவையுங்கள். உள்ளே துருப்பிடிக்காது. இதோ, மாக்சிம் வாங்கிய எண்ணெய், உடைக்காதது," என்று ஒரு சிவப்புத் தகரத்தை நீட்டினாள்.

அந்தக் கிழமை செபஸ்தியாம்பிள்ளைக்குக் கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். குனியக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "நீ போய் விட்டிட்டு வா பியட்றிஸ். அந்தச் சிவப்புத் தகரம்," என்றார்.

பியட்றிஸ் போனாள். பிளக்குகளைக் கழற்றினாள். சிவப்புத் தகரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எங்கள் காருக்குள் அவளுடைய எண்ணெயா? தகரத்தைத் தட்டின் பின்னால், பழைய துணிக்குக் கீழே தள்ளிவிட்டாள். பைக்குள் அன்று லா சப்பலில் வாங்கிய தேங்காயெண்ணெய் இருந்தது, முழுப் போத்தல், கலப்பில்லாதது. முப்பத்தைந்து வருடமாக மனிசனின் தலையைக் காப்பாற்றிய எண்ணெய் ஒரு இரும்பைக் காப்பாற்றாதா? அவ சொன்னது ஒரு கரண்டி. அவ கரண்டி சொன்னால் நான் அகப்பைக் கணக்கில் விடுவேன் என்று நாலு ஓட்டையிலும் சரிபாதியாக அந்தப் போத்தலைக் கவிழ்த்துவிட்டு, பிளக்கைப் பூட்டி வீட்டுக்குப் போனாள்.

"விட்டியோ?"

"ஓம். வடிவா விட்டன்."

பெப்ரவரி முதல் ஞாயிறு. முற்றத்துத் தண்ணீர்க் குழாய் உறைந்திருந்தது. செபஸ்தியாம்பிள்ளை முன்பக்கத்தில் சுற்றுகம்பியைச் செருகி எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. ஒக்டோபர்வரை சுகமாகச் சுற்றிய எஞ்சின். காலை உதைந்து, மூச்சைப் பிடித்து இழுத்தார். கம்பி வளைந்தாலும் வளையும், எஞ்சின் சுற்றாது என்று நின்றது.

மரி-லூயிஸ் பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

"வெள்ளை," என்றாள். "உள்ளே முழுக்க வெள்ளை. தண்ணீர் இறங்கி அலுமினியத்தை அரித்திருக்கிறது. இறுகிவிட்டது."

"செத்துப்போச்சோ?"

"இரண்டு வழி இருக்கிறது, முசியே. எல்லாம் கழற்றி, கடைந்து, திரும்பப் பூட்டலாம். புத்தகம் என்னிடம் இருக்கிறது, அளவுக் கருவிகளும் இருக்கின்றன. ஞாயிறு தவறாமல் நான் வந்தால் செப்டெம்பரில் முடியும். அல்லது மாக்சிமின் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வருடம், அதே இனம். ஒரு சனிக்கிழமை வேலை. இது இரும்புக்குப் போகட்டும்."

வீட்டுக்கு நடக்கையில் அவர் கேட்டார். "நீ என்ன சொல்லுறாய்? கழட்டிப் பூட்டுறதோ, மாத்துறதோ?"

"உங்கடை மதாமைக் கேளுங்கோ."

"அவவைக் கேட்டிட்டன். இப்ப உன்னைக் கேக்கிறன்."

"ஓ. ரெண்டாவதாவோ."

"பகிடியை விடப்பா. எனக்குக் கழட்டிப் பூட்டத்தான் விருப்பம். ஆனா அவ இல்லாமல் ஏலாது. ஒவ்வொரு ஞாயிறும் அவ வரவேணும்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. பியட்றிஸ் எட்டு மாத ஞாயிறுகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அந்த ஒட்ட வெட்டிய தலை, அந்தக் காற்சட்டை, அந்தப் புத்தகம்.

"மாத்துங்கோ," என்றாள். "சனிக்கிழமையோடை முடியட்டும்."

பியட்றிஸ் தையல் வேலை செய்தது தங்கேஸ்வரியின் கடையில். சேலைக்குச் சட்டை தைப்பது, ஓரம் அடிப்பது. தங்கேஸ்வரி வயதில் இளையவள், வாயில் மூத்தவள். வெள்ளிக்கிழமை பகல் முழுக்கதையும் கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்:

"அப்ப அக்கா, இனி நீங்கள் அந்தக் காரிலை ஏறிப் போகேக்கை உங்களை இழுத்துக்கொண்டு போறது அவவின்ரை மனிசனோ?"

"விசர்க்கதை கதைக்காதை. அது எஞ்சின்."

"எஞ்சின்தான். ஆனா யாற்றை எஞ்சின்? அண்ணை ஒவ்வொருக்காத் திறப்பைத் திருப்பேக்கையும், 'ஆகா, மதாமின்ரை எஞ்சின், கேட்டியோ சத்தத்தை' எண்டு சொல்லாமல் விடுவரோ? மனிசி ஒரு சனிக்கிழமையோடை போயிடுவா. எஞ்சின் போகாது அக்கா."

பியட்றிஸுக்குத் தையல் கோணியது. இதை ஏன் நான் யோசிக்கவில்லை? பிரித்துத் திரும்பத் தைக்கத் தொடங்கினாள்.

தங்கேஸ்வரி எழும்பிப்போய், சுவரில் இருந்த வெப்பமூட்டியின் மேல் வைத்திருந்த போத்தலை எடுத்துக் குலுக்கினாள். "இன்னும் இளகேல்லை. இப்பதான் வைச்சனான்." பின்னல் ஊசியால் போத்தலுக்குள் குத்தினாள். குத்தியது இறங்கவில்லை. "இந்த ஊர்க் குளிருக்குத் தேங்காயெண்ணெய் கல்லாய்ப் போடுது அக்கா. தலைக்கு வைக்கிறதெண்டால் கோடாலி வேணும்."

பியட்றிஸ் நிமிர்ந்து பார்த்தாள். போத்தலுக்குள் வெள்ளை. முழுக்க வெள்ளை.

முப்பத்தைந்து பனிக்காலம் அந்த எண்ணெயை வெப்பமூட்டியின் மேல் வைத்து இளக்கிய கை அவளுடையது. குசினியில் தெரிந்தது கராஜில் தெரியாமல் போயிற்று. அன்றைக்கு அவளுக்குக் கண் தெரியவில்லை, வேறொன்று எரிந்துகொண்டிருந்தது.

"என்ன அக்கா, பேயைக் கண்ட மாதிரி?"

"ஒண்டுமில்லை."

சொன்னால் எங்கள் எஞ்சின் தப்பும். ஆனால் ஏன் சிவப்புத் தகரத்தைத் தொடவில்லை என்று கேட்பார்கள். மரி-லூயிஸின் முன்னால் நின்று மறுமொழி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மாக்சிமின் எஞ்சின் ஏறிவிடும். ஊசி ஓடவே இல்லை. கடைசியில் கேட்டாள்:

"தங்கேஸ், காலுக்குக் கீழை வைக்கிற அந்தச் சின்ன ஹீட்டரை நாளைக்குத் தாறியோ?"

சனிக்கிழமை காலை அவள் தள்ளுவண்டிப் பையில் ஹீட்டரும் தடித்த போர்வையுமாக முற்றத்துக்குள் நுழைந்தபோது, கராஜ் உத்தரத்திலிருந்து சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. கொழுக்கி எஞ்சினில் மாட்டியாயிற்று. மாக்சிமின் எஞ்சின் போர்வை களைந்து, துடைத்து, மாப்பிள்ளைபோல் வாசலில் நின்றது.

"நில்லுங்கோ."

"என்னப்பா, கடைக்குப் போகேல்லையோ?"

"கொழுக்கியைக் கழட்டுங்கோ."

"ஏன்?"

"அது சாகேல்லை. குளிருக்கு உறைஞ்சு கிடக்கு."

"இரும்பு உறையிறதோ?"

"இரும்பு உறையாது. தேங்காயெண்ணெய் உறையும்."

செபஸ்தியாம்பிள்ளை அவளைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். மரி-லூயிஸ் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பியட்றிஸ் ஒருவரையும் பார்க்கவில்லை. ஹீட்டரை எஞ்சினுக்குக் கீழே வைத்துப் போட்டுவிட்டு, மேலே போர்வையால் நாலாபக்கமும் மூடினாள், காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவதுபோல.

இளக எப்படியும் இரண்டு மணித்தியாலம் ஆகும். மூன்று பேர், இரண்டு கோப்பை. அவர் ஒரு கோப்பையை மரி-லூயிஸுக்கு நீட்டினார். பியட்றிஸ் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்தாள்.

"எவ்வளவு விட்டனி?"

"ஒரு போத்தல்."

"மாதாவே. அந்தச் சிவப்புத் தகரம் எங்கை?"

அவள் தட்டின் பின்னாலிருந்து எடுத்து வைத்தாள். மூடி உடைக்கவில்லை.

"இது இருக்க ஏன் அதை விட்டனி?"

"இது அவ தந்தது."

"அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று மரி-லூயிஸ் கேட்டாள். செபஸ்தியாம்பிள்ளை, "சும்மா, எண்ணெயைப் பற்றி…" என்று பிரெஞ்சில் இழுத்தார்.

"பொய் சொல்லாதேங்கோ," என்றாள் பியட்றிஸ். பிறகு மரி-லூயிஸின் முகத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகக் கல்லுப் பொறுக்குவதுபோல் சொன்னாள்: "எனக்குப் பொறாமை, மதாம்."

"என் மேலா? எனக்கு எழுபது வயது."

"போத்தல் மேலை." பியட்றிஸ் தட்டைக் காட்டினாள். "அதிலை என்ரை எழுத்து இருந்தது."

மரி-லூயிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய், ஒரு போத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் காகிதத்தின் ஓரத்தைக் கிளப்பினாள். கீழே குண்டெழுத்து தெரிந்தது.

"இது அலங்காரம் என்று நினைத்தேன்," என்றாள். "மாக்சிம் நாற்பது வருடம் அந்தக் கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு வேலை செய்தான். ஒரு ஆணியைக்கூட என்னைத் தொடவிட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் போன பிறகு புத்தகத்தில் படித்தது. உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம் என்று அதில் போட்டிருக்கிறது. தேங்காய் என்று போடவில்லை."

செபஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைக் கண்டு அதை விழுங்கிக்கொண்டார்.

போர்வையை எடுத்தபோது மணம்தான் முதலில் வந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார். "இது என்ரை தலை மணம் எல்லோ," என்றபடி சுற்றுகம்பியைப் பிடித்தார். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பில் கால் சுற்று. மூன்றாவதில் எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு முழுதாகச் சுற்ற, கழற்றியிருந்த பிளக் ஓட்டைகளிலிருந்து எண்ணெய் பீறிட்டு அவர் எட்டிப் பார்த்த நெற்றியிலும் சட்டையிலும் வடிந்தது.

"உயிர் இருக்கு," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா இவள் விட்ட எண்ணெய் எங்கெங்கை இறங்கியிருக்கோ. சும்மா பூட்ட ஏலாது. முழுக்கக் கழட்டித்தான் பூட்டவேணும்."

கழட்டிப் பூட்டுவது என்றால் செப்டெம்பர் வரை ஞாயிறு. அது மூன்று பேருக்கும் தெரியும். இருவரும் பியட்றிஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாசலில் நின்ற மாக்சிமின் எஞ்சினை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதன் கம்பளியை எடுத்து அதற்கே திரும்பப் போர்த்துவிட்டாள்.

"பத்து மணிக்கு வரச் சொல்லுங்கோ," என்றாள் புருசனிடம். "கோப்பை கொண்டுவரட்டும். போத்தலுக்கு நான்தான் எழுதுவன்."

மறுநாள் மரி-லூயிஸ் பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கவே, நீலக் கோப்பையும் புத்தகமுமாக வந்துவிட்டாள். அந்தப் பத்து நிமிடமும் பியட்றிஸின் நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டதால் எரிச்சல் அணைந்துவிடுமா என்ன.

செபஸ்தியாம்பிள்ளை எஞ்சினுக்குள் தலையைக் கவிழ்த்தபடி கையை நீட்டினார். "பதினாலு."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எட்டினார்கள். பியட்றிஸ் முந்திக்கொண்டாள். முந்திய அவசரத்தில் பதின்மூன்றைக் கொடுத்துவிட்டாள்.

அவர் அதை வாங்கி ஆணியில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. தலையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிக் குனிந்து, அந்தப் பதின்மூன்றை வைத்துக்கொண்டு சற்று நேரம் எதையோ முறுக்குவதுபோல் முறுக்கினார்.

மரி-லூயிஸ் தன் கையிலிருந்த பதினாலைச் சத்தமில்லாமல் கொண்டுபோய், அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில், சில்லின் மேல் தகட்டில் வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள்.