பேரன்கள் நிற்கும் காசு

வெள்ளிக்காசில் அகஸ்டஸின் கன்னத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு, வெள்ளி நிஜந்தானா என்று எந்தக் காலத்திலோ எவனோ உளி வைத்துப் பார்த்தது, அந்த வெட்டின் மேல் குங்குமம், அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசை என் மனைவி ருக்குமணி வெள்ளிக்கிழமைதோறும் கழுவிப் பொட்டு வைப்பாள், ரோமாபுரி ராஜாவுக்கா பூசை என்று நான் சிரிப்பேன், சிரித்த வாயோடு சரித்திர வகுப்புக்குப் போகிறேன், பத்தொன்பது வயதில் படை திரட்டியவன், செங்கல் நகரத்தைப் பளிங்காக்கியவன், தப்பு செய்தாள் என்று பெற்ற மகளையே தீவுக்குத் துரத்தியவன், ஊரே கெஞ்சியும் இரங்காதவன், அவன்டா ராஜா என்று மேசையைத் தட்டுகிறேன், தட்டிய கை வலிக்க வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலம் மகள் சுகந்தி லாரி மெக்கானிக்கோடு போய்விட்டிருந்தாள், அழுத ருக்குமணியை உட்காரவைத்து அகஸ்டஸ் என்ன செய்தான் தெரியுமா என்று அதே பாடத்தை நடத்தினேன், தூ, நானெல்லாம் ஒரு வாத்தியார்.

பன்னிரண்டு வருசம் மகள் பேரை வீட்டில் எடுக்க விடவில்லை, போன மாதம், குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைக்கிறேன், பேரன்கள் ரெண்டு பேரும் வரட்டும், அவள் மட்டும் வாசல் மிதிக்கக் கூடாது என்று ஆள்விட்டுச் சொன்னேன், என் பெரிய மனசை நானே மெச்சிக்கொண்டேன், ருக்குமணி காசைத் திருப்பித் துடைத்தாள், ஏனுங்க, பின்னால ரெண்டு பசங்க நிக்கறாங்களே, ஆருங்க, அவன் மக பெத்த பேரனுங்க, தத்தெடுத்துத் தன் பிள்ளைங்களாக்கிட்டான் என்றேன், அப்படிங்களா, இவங்கம்மா எங்கீங்க.

முப்பது வருசம் நடத்திய பாடம், தீவில் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது, அவள் கேட்டது ரோமாபுரிக்காரியைப் பற்றியா, கூசிக் குறுகிப்போனேன், காசை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

நாமக்கல் பஸ்ஸில் நின்றபடியே வருகிறேன், எந்த நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடலாம் போலிருக்கிறது, சுகந்தி வீட்டுக் கதவைத் திறந்தவன் பெரிய பேரனாக இருக்கும், சுகந்தியின் நெற்றி அப்படியே, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மா, ஆரோ ஒரு தாத்தா வந்திருக்காரு என்று உள்ளே கத்தினான், தாயைப் பெற்றவனை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம், அவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், உள்ளே கரண்டி வைக்கும் சத்தம், காலடி நெருங்குகிறது, பொத்திய கையைப் பிரித்தேன், வேர்வையில் குங்குமம் கரைந்து அகஸ்டஸின் முகமே தெரியவில்லை, வெட்டு மட்டும் இருந்தது, ஆருடா என்று கேட்டுக்கொண்டே சுகந்தி வாசலுக்கு வந்துவிட்டாள், எந்த முகத்தோடு நான் நிமிர்வது.