துண்டுக்குள் தொண்ணூற்றொன்று

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. மொரப்பூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அருள்ராணி என்ற நர்ஸிடம் வாங்கியது. பாதிதான் கொடுத்தார், மீதியைக் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் புளி மண்டிக்காரர் மகள். சரக்கு பாதி என்றால் விலையும் பாதி. நீங்களும் பாதிக் கவனம் கொடுத்தால் போதும்.

2.

'பெருந்தொற்று நமது சுகாதாரக் கட்டமைப்புக்குக் கற்றுத்தந்த பாடங்கள் எண்ணற்ற—'

வேண்டாம். அருள்ராணியும் இப்படித்தான் ஆரம்பித்து, கோடு போட்டு அடித்துவிட்டாராம். அவர் வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது: 'கற்ற பாடங்கள் ஐந்து. ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மிகாமல்.' ஆக்சிஜன் கையிருப்பு வேண்டும், ஆள் வேண்டும், இன்னொரு ஆம்புலன்ஸ் வேண்டும், ஆண்டுக்கு ஒரு நாளாவது எங்களுக்குத் தூக்கம் வேண்டும். நாலு ஆயிற்று. ஐந்தாவது கட்டத்தில் யோசித்து ஒரே சொல் எழுதினார்: துண்டு.

3.

2021, மே மாதம். சென்னப்பன், மாட்டுத் தரகர், ஐம்பத்தெட்டு வயது. (முதல் வரைவில் மீசை வைத்திருந்தேன். தரகர் என்றாலே மீசையா என்று எனக்கே அலுத்துப்போய் மழித்துவிட்டேன்.) காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள் நிலையத்துக்கு வந்தார். அருள்ராணி அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, வரிசையில் நின்ற முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி "தொண்ணூத்தொண்ணு" என்றார். உடனே தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை, வண்டி வாசலில் நிற்கிறது என்றும் சொன்னார்.

தொண்ணூற்று நாலு இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்று சென்னப்பன் முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தார்.

"தொண்ணூத்தாறு போட்டுக்குங்க சிஸ்டர்."

"நான் போடறதில்லீங்கண்ணா. மெஷின் போடுது."

"மெஷினு உங்களுதுதானுங்களே, உங்க பக்கந்தான் பேசும். செரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். தொண்ணூத்தி நாலு."

அருள்ராணி கிளிப்பைக் காட்டினார். தொண்ணூறு.

"பாருங்க, பேசப் பேச எறக்கறீங்க," என்று மூச்சு வாங்கினார் சென்னப்பன். ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

4.

இந்த இடத்தில் ஒரு கட்டுரையாளர் 'மக்களிடையே விழிப்புணர்வு இன்மை' என்று எழுதி— எழுதட்டும், நான் எழுத மாட்டேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கைகளை ஒரு துண்டு மூடும்; உள்ளே விரல் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் ஒன்று, முழுக்கை ஐந்து. உள்ளே பேசியது அந்த இருவரோடு சரி.* முப்பது வருஷம் அப்படிப் பேசிய மனுஷனை, அவர் பிழைப்பே நம்பியிருக்கும் ஊர்க்காரர்கள் முன்னால் நர்ஸ் ஏலம் போட்டுவிட்டார். கோபம் நோய்மேல் இல்லை, சத்தத்தின்மேல்.

(* புளி மண்டியிலும் இதே வழக்கம்தான். என் அப்பா வீட்டில் பேசியதைவிடத் துண்டுக்குள் பேசியதுதான் அதிகம்.)

சென்னப்பனின் கை தோள்துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அருள்ராணிக்கு உறைத்தது. அவர் அப்பாவும் மாடு விற்றவர். கவச உடையோடு பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார்.

"கையுறை மாட்டிக்கிட்டு வெல பேசற வழக்கமில்லீங்களே."

"கிருமிக்கு வழக்கம் தெரியாதுங்கண்ணா. புடிங்க."

இரண்டு நிமிஷம். விரல்கள் என்ன பேசின என்று முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சென்னப்பன் எழுந்தார். துண்டை அருள்ராணி கையிலேயே விட்டார்.

"இது அச்சாரம். வந்து வாங்கிக்கறேன்."

தாமே நடந்துபோய் வண்டியில் ஏறினார்.

5.

படிவத்தின் முதல் நாலு பாடங்களும் 'பரிசீலனையில்' இருக்கின்றன. ஐந்தாவது மட்டும் உடனே நிறைவேறியது: முத்திரை குத்திய வெள்ளைத் துண்டுகள், இருநூறு.

அருள்ராணி சிரிக்கவில்லை. நாலு துண்டுகளைச் சேர்த்துத் தைத்துத் திரையாகக் கட்டினார். இப்போது அங்கே எந்தப் பரிசோதனை முடிவும் திரைக்குப் பின்னால், காதோடுதான். சளி, சர்க்கரை என்று ஒளித்துவைத்திருந்தவர்கள் எல்லாம் வருகிறார்கள். ஒரு வரிக்கு மிகாமல் இதை எப்படி எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

6.

முடிவு அ: ஒன்பதாம் நாள் சென்னப்பன் வந்து துண்டைக் கேட்கிறார். ப்ளீச்சிங் பவுடர் பட்டு அங்கங்கே வெளுத்திருக்கிறது. நல்ல துண்டைக் கெடுத்துவிட்டீர்களே என்று மறுபடி பேரம்.

முடிவு ஆ: துண்டு இன்னும் நிலையத்து ஆணியிலேயே—

(இதை முடிக்க மனம் வரவில்லை.)

துண்டுக்குள் என்ன பேசி முடித்தீர்கள் என்று வறுத்த கடலை வாங்கிக் கொடுத்துக்கூடக் கேட்டுப் பார்த்தேன். கடலை தீர்ந்தது, பதில் வரவில்லை. அவர் இறங்கும் இடம் நெருங்கியபோது ஒன்றே ஒன்று கேட்டேன்: "வந்தாருங்களா?"

அருள்ராணி முந்தானையை என் கைமேல் போட்டார். உள்ளே விரல் பிடித்தார். இறங்கிப் போய்விட்டார்.

மண்டிக்காரர் மகளாக இருந்தும் துணிக்குள் என் கை போனது அதுதான் முதல் தடவை. பதில் எனக்குத் தெரியும். வெளியே சொல்ல வழியில்லை.

உங்களுக்கு வேண்டுமென்றால் இந்தத் தாளுக்கு அடியில் கையை நீட்டுங்கள். வாயால் மட்டும் கேட்காதீர்கள். வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்கள்.