மரகதம், தெரியுதா?

என் மனைவி மரகதம் சித்திரை மாதத்திலிருந்து ககனம் டிவியில் இருக்கிறாள். நடிக்கவில்லை. இருக்கிறாள்.

ககனம் ஓர் இலவசச் சேனல். கேபிள் வேண்டாம், டிஷ் வேண்டாம். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா இருந்தால் போதும், காற்றிலேயே வந்துவிடும். விடிந்தது முதல் அறிவியல் புனைகதை மட்டும்தான் போடுவார்கள். செய்தி வாசிக்கிறவர்கூட வேற்றுக் கிரகச் செய்திதான் வாசிப்பார். செவ்வாயில் தக்காளி விலை ஏறினால் அவர் முகம் வாடிவிடும். மரகதம் அதைக் கேட்டுவிட்டு எங்கள் தெருத் தள்ளுவண்டியில் கூடுதலாகத் தக்காளி வாங்கி வைப்பாள்.

மாலையில் ஒரு தொடர் வரும். ஒரு விண்கலம் தொலைதூர நட்சத்திரம் ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வேறு கதை கிடையாது. மரகதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அதை விடாமல் பார்த்தாள். இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்தாள். அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"கூப்பிடுறாங்க," என்றாள்.

"யாரு?"

"மெதுவாப் பேசுங்க. விளம்பரம் முடியப்போகுது."

செருப்பைப் போட்டுக்கொண்டு டிவிக்குள் போனாள். வீட்டுக்குள் அவள் செருப்புப் போட்டு நடந்ததை நான் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தொடர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். நான் கல்யாண மண்டபத்தில் மேனேஜர். எந்த விசேஷத்துக்கு யார் எதைக் கொண்டு வருவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இதற்கு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாதிப் பேர் மாலை கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் லட்டு கொண்டு வந்தார்கள்.

கிளம்பும்போது பெரிய குழப்பம். சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். டிவிக்குள் போனவள் வீட்டில் சொல்லலாமா, கூடாதா? வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே இதைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள், சிலர் சொல்லாமல் போனார்கள். மரகதத்தின் தம்பி தனுஷ்கோடி மட்டும் "போயிட்டு" என்பதோடு நிறுத்திக்கொண்டான். மேற்கொண்டு வரவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

"மாமா, அக்கா நல்லாத்தானே இருக்கு?"

"சாயங்காலம் வரைக்கும் இரு. நீயே பாரு."

இருந்து பார்த்தான். கலத்தில் எல்லோரும் வெள்ளி நிறச் சட்டை போட்டிருந்தார்கள். மரகதம் மட்டும் பச்சை நூல் சேலையில் கேப்டனுக்குப் பின்னால் நின்று, ஏதோ சுவிட்சை அணைக்காமல் விட்டதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். கேப்டன் "சரிக்கா" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் தனுஷ்கோடி. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு லட்டு எடுத்துக்கொண்டான்.

நானும் உள்ளே போகப் பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது? அவள் போன மறுநாளே செருப்பைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் போய் நின்றேன். கண்ணாடி நெற்றியில் இடித்தது. செவ்வாய்ச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களைக் கூப்பிடலியே சார்," என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

கலம் தூரமாகப் போகப் போகப் படம் மங்கியது. முதலில் புள்ளி விழுந்தது. பிறகு மரகதம் இரண்டு இரண்டாகத் தெரிந்தாள். ஆனி மாதத்தில் அவளுடைய மூக்குத்தி மட்டும்தான் மிச்சம். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அதுவும் வெறும் புள்ளிதானோ என்று சந்தேகம் வந்தது. எழுந்து மாடிக்குப் போனேன்.

ஆன்டெனா திருப்புவது இரண்டு பேர் வேலை. ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா?" என்று கத்த வேண்டும். இன்னொருவர் டிவி முன்னால் நின்று வருது, போச்சு, இன்னும் கொஞ்சம் என்று கத்த வேண்டும். கல்யாணமானதிலிருந்து நான் மாடி, அவள் ஹால். இப்போது ஹாலில் ஆள் இல்லை.

கம்பத்தைக் கொஞ்சம் திருப்புவேன். பார்ப்பதற்காகப் படியிறங்கி ஓடுவேன். எங்கள் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். ஏறும்போது இரண்டுதான் இருக்கும். இறங்கும்போது நடுவில் மூன்றாவதாக ஒன்று வரும். அங்கே முன்பின் தெரியாத ஒரு குடும்பம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும். கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாக இறங்கினால் நான்காவது வரும். அங்கே சாமான் இறக்கிக்கொண்டிருப்பார்கள், பீரோவுக்கு ஒரு கை பிடிக்கச் சொல்வார்கள். ஹாலுக்கு வந்து சேரும்போது தொடர் முடிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக் குழந்தைவேலுவைத் துணைக்குக் கூப்பிட்டேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர், யாரிடமும் இல்லை என்று சொல்ல மாட்டார். அதுதான் சிக்கலாகிவிட்டது.

"தெரியுதா?" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

"தெரியுதுங்க."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுதுங்க."

இறங்கி வந்து பார்த்தால் வெறும் புள்ளி.

"எங்க தெரியுது?"

"நீங்க அவ்வளவு ஆசையாக் கேக்குறீங்க," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

தினமும் வந்தார். தினமும் தெரியுது என்றார். போகப் போக அந்தச் சொல் ஒரு ரீங்காரமாக மட்டும் கேட்டது. ஒரு நாள் இறங்கி வந்தபோது ஸ்டெபிலைசராகியிருந்தார். டிவிக்குக் கீழ்த் தட்டில், பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தார். வோல்டேஜ் முன்னைவிடச் சீராக இருந்தது. அவர் மனைவி பாக்கியம் வந்து தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்காரு. நடுநடுவுல அணைச்சு வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல் ககனம் அலுவலகத்துக்குப் போனேன். அது பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், வளையல் கடைக்கு மேலே இருக்கிறது. உள்ளே நீளமாக ஒரு வராந்தா. அதன் கோடியில் ஒரு மேஜை, ஒரு பெண். நான் நடக்க நடக்க மேஜை தள்ளிப் போனது. வேகமாக நடந்தால் அதுவும் வேகமாகப் போனது. கால் ஓய்ந்து நின்றேன். மேஜையும் நின்றது. அந்தப் பெண் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"என்ன சார்?"

"படம் தெரியலம்மா."

"தெரியலன்னு யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல. நான் மாடில நிப்பேன்."

"பாக்காம எப்படித் தெரியலன்னு சொல்றீங்க?"

"பாக்க ஆள் இல்ல. அதான் தெரியல."

"அப்ப ஆள்தான் இல்ல. படம் இருக்கு."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

"என் வீட்டுக்காரி அந்தக் கப்பல்ல இருக்கா," என்றேன். "ஒரு தடவை திருப்பி இந்தப் பக்கம் கொண்டு வர முடியாதா?"

"கதை அப்படி இல்லையே சார். அது போற கதை."

"வர்ற கதை ஒண்ணுகூடவா இல்ல?"

"வர்ற கதையெல்லாம் கட்டணச் சேனல்ல போடுறாங்க. நாங்க இலவசம்."

"எது வரைக்கும் போகும்?"

"நம்ம டவர் எட்டுற வரைக்கும் காட்டுவோம். எல்லை தாண்டிட்டா வேற கப்பல் போடுவோம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். கேட்டதற்குத் தூசி என்றாள். நான் திரும்பினேன். வெளியே போகும் கதவு என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

தனுஷ்கோடி போன் செய்தான்.

"மாமா, காரியம் பண்ணணுமா, வேணாமான்னு ஐயர்கிட்டக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"படம் வர்ற வரைக்கும் பண்ணக் கூடாதாம். எல்லை தாண்டின அன்னிக்குத்தான் கணக்காம்."

போனை வைத்துவிட்டேன். எல்லை தாண்டவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. எப்படி என்று தெரியவில்லை. மாடிக்குப் போய்க் கம்பத்தைப் பிடித்தேன். பிடித்தவுடன் பழக்கதோஷத்தில் வாய் கத்திவிட்டது.

"மரகதம், தெரியுதா?"

"இல்லங்க. ஒரே புள்ளியா இருக்கு," என்று கீழே ஹாலிலிருந்து மரகதம் சொன்னாள்.

கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவள் எதிரில் பதறிப் பழக்கமில்லாததால் சாதாரணமாகவே கேட்டேன்.

"என்னது புள்ளியா இருக்கு?"

"நம்ம வீடு."

கலத்திலும் ஒரு டிவி இருக்கிறதாம். அதுவும் இலவசமாம். அதில் எங்கள் ஹால் வருமாம். கலத்தில் இருக்கிறவர்களுக்கு அதுதான் அறிவியல் புனைகதை. குழந்தைவேலு ஸ்டெபிலைசரான கட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள் என்றாள். கேப்டன் மட்டும் நம்ப முடியவில்லை என்றாராம்.

"உங்களைத்தான் சரியாப் பாக்க முடியல," என்றாள். "நான் வந்து உக்காந்தா நீங்க எந்திரிச்சுப் போயிடுறீங்க."

"உன்னப் பாக்கத்தான் ஆன்டெனா திருப்பப் போறேன்."

"அதுவும் சரிதான்."

"அங்க சாப்பாடு என்ன?"

"மாத்திரை மாதிரி ஒண்ணு குடுத்தாங்க. இப்ப அதுல ரசம் வைக்கக் கத்துக்குடுத்திருக்கேன்."

"வலி?"

"பூமி தாண்டினதும் போயிடுச்சு."

ஆடி மாதம் முழுக்க இப்படிப் பேசினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. நான் மாடியில் நின்று கத்துவேன், அவள் ஹாலிலிருந்து கத்துவாள். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஆனால் கலம் நிற்கவில்லை. அவள் குரல் தாமதமாக வர ஆரம்பித்தது. முதலில் ஒரு பெருமூச்சு விடுகிற நேரம். பிறகு கொடியில் துணி காய்கிற நேரம். பிறகு நேற்றுக் கேட்டதற்கு இன்று பதில் வந்தது. சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். மறுநாள் நான் அங்கே குளிருதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, "பொய் சொல்லாதீங்க" என்று வரும்.

இறங்கிப் போனால் பதில் தவறிவிடும் என்று மாடியிலேயே தங்கிவிட்டேன். மண்டபத்துக்குப் போகவில்லை. பாக்கியம் சோறு கொண்டு வந்து வைப்பார்.

காப்பித்தூள் டப்பா எங்கே என்று எப்போதோ கேட்டிருந்தேன். கேட்டதே மறந்துபோயிற்று. ஆவணியில் ஒரு மத்தியானம் குரல் வந்தது.

"இடது பக்கம். நல்லா உள்ள தள்ளி. கொஞ்சம் மேல."

ஆன்டெனாவுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். கம்பத்தை இடது பக்கம் திருப்பி, நன்றாக உள்ளே தள்ளி, கொஞ்சம் மேலே தூக்கினேன். கீழே ஹாலில் இரைச்சல் நின்றது. கலத்தின் இன்ஜின் சத்தம் சுத்தமாகக் கேட்டது. கேப்டன் யாரிடமோ ரசம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

கையை எடுத்தேன். இரைச்சல் வந்தது. பிடித்தேன். போனது. கம்பத்தைக் கயிறு போட்டுக் கட்டினேன். செங்கல் முட்டுக்கொடுத்தேன். சட்டையைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஆன்டெனா ஏமாறவில்லை. அதற்கு என் கை வேண்டியிருந்தது. நான் மாடியில் பிடித்துக்கொண்டிருக்கும் வரை மரகதம் ஹாலில் முழுசாகத் தெரிவாள், நான் பார்க்க முடியாது.

பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் பாக்கியம் ஹாலில் போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"எப்படிம்மா இருக்கா?"

"தெளிவா இருக்காங்க. முடி திரும்ப வளந்திருச்சு."

"எவ்வளவு?"

"பின்னலாம். பின்னியிருக்காங்க."

அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. பாக்கியம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கொடியிலிருந்த துணிகளை எடுத்தார், அவை இன்னும் ஈரமாகவே இருந்தன.

"உங்க நாற்காலியையே பாத்துக்கிட்டிருக்காங்க," என்றார்.

அப்போது கீழே அறிவிப்பாளர் பேசுவது கேட்டது. நேயர்களே, இந்தக் கலம் இன்று நம் எல்லையைக் கடக்கிறது, நாளை இதே நேரத்தில் வேறொரு கலம், காணத் தவறாதீர்கள் என்றார். நல்ல கனிவான குரல். அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

"மரகதம், தெரியுதா?" என்று கத்தினேன். இதற்குப் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரியும். இருந்தாலும் கத்தினேன்.

உடனே குரல் வந்தது. முன்பு எப்போதோ கேட்ட தெரியுதாவுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

"வந்துருச்சுங்க. நல்லாத் தெரியுது. விட்டுருங்க."

படம் சரியாக வந்துவிட்டால் கீழே நிற்கிறவர் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அப்படியே விட்டுருங்க என்பார்கள். போதும், இனித் திருப்ப வேண்டாம், இறங்கி வரலாம் என்று அர்த்தம். மரகதமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை 'அப்படியே' என்று சொல்லவில்லை.

கம்பம் என் கையில் சூடாக இருந்தது.

"விட்டுருங்க," என்றாள் மறுபடியும். இன்னும் மெதுவாக, பக்கத்தில் வந்து சொல்வதுபோலச் சொன்னாள்.

பாக்கியம் ஈரத் துணிகளை அணைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கேக்கலை மரகதம்," என்று கத்தினேன். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

நன்றாகத்தான் கேட்டது.