வெந்தயத் தண்ணி

காலை ஆறு மணி மருந்தை ராக்காயி வழக்கம் போலக் கானில் ஊற்றினாள். தோட்டத்து லயத்து வீட்டு வாசலை ஒட்டி ஓடுகிற அந்தச் சாக்கடைக் கானுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால், "போதும்டி ஆத்தா, எனக்கு ஒரு வலியும் இல்ல" என்று கத்தியிருக்கும். புருஷன் இராமையாவின் வலிக்கென்று புற்றுநோய் நிலையத்தில் கொடுத்த மருந்தை, இருபது நாளாக, நாளுக்கு ஐந்து வேளை, அந்தக் கான்தான் குடிக்கிறது. ஊற்றுவதில் அவள் கள்ளம் செய்யவில்லை. சின்னப் பிளாஸ்டிக் குவளையில் கோடு வரைக்கும் அளந்துதான் ஊற்றினாள். போத்தலில் ஒரு சொட்டு மிஞ்சினாலும் வீட்டுக்கு வருகிற நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள்.

பிறகு அதே குவளையைக் கழுவி, வெந்தயம் ஊறின தண்ணியை அதே கோடு வரைக்கும் ஊற்றி உள்ளே கொண்டு போனாள். அதுவும் கசக்கும், இதுவும் கசக்கும்.

"இந்தாங்க, மருந்து."

இராமையா சுவரில் சாக்கு மூட்டையைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்ட பிறகு அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. குவளையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

"இன்னைக்காவது கேக்குமா புள்ள?"

"கேக்கும், கேக்கும். மருந்துன்னா ஒடனே வேல செஞ்சிருமா?"

என்ன பொம்பளை இவள், கட்டின புருஷனை வதைத்துக் கொல்லப் பார்க்கிறாளா என்று கேட்டுவிடாதீர்கள். அவர் செத்துப் போகக் கூடாது என்றுதான் அவள் இதையெல்லாம் செய்தாள்.

ராக்காயி முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். பதினெட்டுக் கிலோ கொண்டு போய்க் கொட்டினால் தராசு பதினாறு என்று சொல்லும். கூடைக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று கழித்துவிடுவார்கள். மண்டை பிளக்கிற வெயில் நாளிலும் ஈரத்துக்கு ஒன்று கழிந்தது. அன்றிலிருந்து தராசு முள்ளைப் பார்க்காமல் அவள் எதையும் நம்பியதில்லை. பொகவந்தலாவைக் கடைவீதியில் அவள் பருப்பு வாங்க வந்தால், தராசுத் தட்டை முதலில் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் கடைக்காரர் மூட்டையையே அவிழ்ப்பார்.

அப்படிப்பட்டவளுக்குப் புற்றுநோய் நிலையத்தின் மேல் முதல் நாளே சந்தேகம் வந்ததில் என்ன ஆச்சரியம்? டவுனில் புதிதாகத் திறந்த கட்டடம். வாசலிலேயே "வாங்கம்மா, உக்காருங்க" என்று தமிழில் கூப்பிட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். டாக்டர், ஆமாம், டாக்டரே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இராமையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். பத்து நாள் மெஷினில் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். போய்வர வேன் அனுப்பினார்கள், சத்துமாப் பெட்டி கொடுத்தார்கள், வீட்டுக்கே நர்ஸ் வரும் என்றார்கள். எல்லாம் இலவசம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே வெள்ளைக் குளிசையை ஜன்னல் வழியாக நீட்டியே பழக்கப்பட்டவர்கள் இவர்கள். இங்கே மட்டும் எதற்கு இத்தனை உபசாரம்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வெட்டப்போகிற ஆட்டுக்குத்தானே மாலை போட்டு மஞ்சத் தண்ணி தெளிப்பார்கள்! இன்னொன்றையும் அவள் கவனித்தாள். "வலியில்லாமப் பாத்துக்கலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். "சொகமாக்கலாம்" என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

அதற்குமேல் கீழ் லயத்து மூக்கன் விஷயம் வேறு. அவருக்கும் இதே நோய், இதே நிலையம், இதே நர்ஸ், இதே போத்தல். போத்தல் வந்து பதினைந்தாவது நாள் மூக்கன் தூங்கினவர் தூங்கினபடியே போய்விட்டார். சாவு வீட்டில் மூலையில் கிடந்த போத்தலை ராக்காயி தன் கண்ணால் பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்குக் கணக்கு நேராகிவிட்டது. தேறாத ஆள்களைச் சத்தமில்லாமல் முடிக்கிற மருந்து இது. டவுன்காரர்களுக்குக் கொடுப்பார்களா? தோட்டக்காட்டு ஆள்களை யார் கேட்கப் போகிறார்கள்!

யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றால் ஊசியாகப் போட்டுவிடுவார்களே. மகள் வினோதா கொழும்பில் துணிக் கடையில் வேலை; போனில் சொன்னால் "ஒங்களுக்குப் பைத்தியமாம்மா" என்பாள். ஆகவே கானும் வெந்தயமுமாக இருபது நாளை ஓட்டிவிட்டாள்.

அந்த இருபது நாளும் இராமையா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பாதத்தில் இறங்கினபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து வந்த மனுஷன், இப்போது சின்னப் பிள்ளை மாதிரி முனகினார். சாக்கு மூட்டையின் ஓரத்தை வாயில் கவ்விக்கொண்டார். ராக்காயி அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "மாரியாத்தா, வலிச்சாலும் பரவால்ல, ஆளு இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டாள். அவளுக்கு அவர் வேண்டும். அதற்காக எதையும் தாங்குவாள். தாங்கினது அவள் இல்லை, அவர் என்பது அப்போது அவள் புத்திக்கு எட்டவில்லை.

அன்று வியாழக்கிழமை. பத்து மணிக்கு நர்ஸ் ஜெனிதா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். கொட்டகலைப் பக்கத்து லயத்தில் பிறந்து படித்து வந்தவள். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தாள். அதுவும் ராக்காயிக்குச் சந்தேகம்தான்; நம்ம ஆளை வைத்தே நம்ம கண்ணைக் குத்துவது இந்த மலையில் புதிதா?

"அப்பா, ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள இன்னைக்கி வலி எத்தன?"

"ஒம்பது மிஸ்."

"போன வாரம் எட்டுன்னு சொன்னீங்க. மருந்தக் கூட்டியும் ஒம்பதா?"

"எனக்குன்னு வர்ற மருந்து மட்டும் ஏன் மிஸ் இப்படி இருக்கு? ஒடம்பு கெட்ட ஒடம்புபோல."

ஜெனிதா போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். அளவு அச்சுப் பிசகாமல் இருந்தது. ராக்காயி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். நர்ஸ் பையிலிருந்து புதுப் போத்தலை எடுத்தாள்.

"டாக்டர் இன்னும் கூட்டச் சொல்லியிருக்காரும்மா. முன்ன அஞ்சு, அப்பறம் பத்து. இனி ஒரு வேளைக்குப் பதினஞ்சு. இந்தா, இந்த மேல் கோடு வரைக்கும்."

"சரிங்க மிஸ். நாளைக்கு நான் நாள்கூலியாக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போறேன். பக்கத்து வீட்டு ஜீவராணிதான் பாத்துக்குவா."

"அவங்க லேபல் வாசிப்பாங்களா?"

"ஓ, பத்தாவது வரைக்கும் படிச்சவ." வெந்தயத் தண்ணியை அளந்து வைத்து, இதைக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று அவள் ஏற்கனவே கணக்குப் போட்டிருந்தாள்.

ஜெனிதா எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்பா வெளிக்குப் போறாரா? வயிறு கட்டுதா?"

இந்தக் கேள்வியில் என்ன சூது இருக்க முடியும் என்று ராக்காயிக்குத் தோன்றவில்லை. பெருமையாகவே சொன்னாள்.

"அதெல்லாம் காலையில டான்னு போயிருவாரு. சில நாள் ரெண்டு தடவ."

ஜெனிதாவின் பேனா நின்றது. அவள் எழுந்து அலமாரித் தட்டைப் பார்த்தாள். வலி மருந்தோடு வயிறு இளகுவதற்கென்று கொடுத்த இன்னொரு போத்தல் அங்கே மூடியின் சீல்கூட உடையாமல் நின்றது. பக்கத்தில் கிண்ணத்தில் வெந்தயம் ஊறிக்கொண்டிருந்தது. அவள் இராமையாவின் முகத்தைப் பார்த்தாள். கண் பளிச்சென்று விழித்திருந்தது. மயக்கமும் இல்லை, ஒரு சொக்கலும் இல்லை.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க."

வாசலில் கானோரம் நின்று ஜெனிதா குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த மருந்து குடிச்சா யாருக்குமே வயிறு கட்டும். இந்த அளவுல குடிக்கிறவரு, இளக்குற மருந்தும் இல்லாம, தெனம் இப்படிப் போக மாட்டாரு. சொல்லுங்கம்மா, போத்தல்ல இருந்தது எங்க போச்சு?"

திருடன் கையில் தேள் கொட்டின மாதிரி ராக்காயி முழித்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்!

"ஊத்திட்டேன்! இந்தக் கான்லதான் ஊத்தினேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? மூக்கனுக்கு என்னா நடந்துச்சுன்னு நான் பாத்தேன். பதினஞ்சே நாளு! வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்ப நான் என்ன இன்னைக்கிப் பொறந்தவளா? இவரு கெடந்து கத்தினாலும் பரவால்ல, எனக்கு உசிரோட இருந்தாப் போதும்."

ஜெனிதா கானை எட்டிப் பார்த்தாள்.

"மூக்கன் ஐயா எங்ககிட்ட வந்தப்பவே அவருக்கு ஒரு மாசம்தான் இருந்துச்சு. மருந்து இல்லாட்டியும் அவரு அந்த நாள்லதான் போயிருப்பாரு. கத்திக்கிட்டே போயிருப்பாரு, அவ்வளவுதான் வித்தியாசம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒங்க மேல கோவமா வருதும்மா, மறைக்க முடியல. ஆனா அதவிடப் பயமா இருக்கு. அப்பா வலி கொறையலன்னு சொல்லச் சொல்ல, குடிக்கிறாருன்னு நம்பித்தானே நாங்க அளவக் கூட்டுனோம்? படிப்படியா ஏறி வந்த ஒடம்புக்குத்தான் இந்தப் பதினஞ்சு. ஒரு சொட்டும் குடிக்காத ஒடம்புக்கு, நாளைக்கி ஜீவராணி அக்கா லேபலப் பாத்து அப்படியே குடுத்திருந்தா? அதுவும் இந்த நெஞ்சுக்கு? மூச்சு நின்னுருக்கும்."

ராக்காயி கான் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். ஐயோ, பாவி! யார் கொன்றுவிடுவார்களோ என்று இருபது நாளாகக் காவல் காத்தாளோ, அந்தக் கொலையை அவளே அளந்து அளந்து கட்டி எழுப்பியிருக்கிறாள். முள்ளைப் பார்க்கத் தெரிந்தவளுக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லையே!

ஜெனிதா போனில் டாக்டரிடம் பேசினாள். புதுப் போத்தலைத் திரும்பப் பையில் வைத்தாள். பழைய போத்தலில் மிச்சம் இருந்ததில், மறுபடி முதலிலிருந்து, ஐந்திலேயே தொடங்கச் சொன்னார் டாக்டர். "நீங்களே அளந்து ஊத்துங்க. நான் இருக்கேன்" என்றாள் ஜெனிதா.

ராக்காயி அளந்தாள். கோடு தாண்டிவிட்டது. திரும்பப் போத்தலில் ஊற்றி, மறுபடி அளந்தாள். இராமையா ஒன்றும் கேட்காமல் குடித்தார்.

முக்கால் மணி நேரத்தில் அவர் வாயிலிருந்து சாக்கு ஓரம் நழுவியது. தோள் இறங்கியது. ஜெனிதா ஒரு பக்கமும் ராக்காயி ஒரு பக்கமுமாகப் பிடித்து மெல்லச் சாய்த்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு மனுஷன் மல்லாந்து படுத்தார். போகும்போது ஜெனிதா வாசலில் நின்று சொன்னாள்: "அப்பாகிட்ட நான் எதும் சொல்லலம்மா. சொல்ல வேண்டியது நீங்க."

ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சில் கையை வைத்தாள். சந்தேகம் அவ்வளவு சுலபமாக விட்டுப் போகுமா? மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை தவறினால் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். அடுப்பில் ரொட்டி கருகியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு இராமையா கண் விழித்தார். கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு அவர் முகம் சிரித்தது.

"பசிக்குது புள்ள."

கருகாத பக்கமாகப் பிய்த்து, ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டு ஊட்டினாள். இரண்டு வாய் தின்றதும் அவருக்குப் பேச்சு வந்தது.

"பாத்தியா, இன்னைக்கித்தான் நெச மருந்து குடுத்திருக்காங்க. இத்தன நாளும் குடுத்தது மருந்தே இல்ல. அங்க எவனோ நல்லத எடுத்துக்கிட்டு நமக்குத் தண்ணியக் குடுத்திருக்கான். அந்தப் புள்ள ஜெனிதாவாத்தான் இருக்கும், அதான் இன்னைக்கி மொகமே சரியில்ல. நீ விடாத. நீதான் முள்ளப் பாக்குறவளாச்சே, வரட்டும், புடிச்சிக் கேளு."

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். இத்தனை வருஷமாக அவள் திட்டித் தீர்த்த தராசுக்காரர்கள் எல்லாரும், கணக்குச் சரிதானா என்று கேட்டால், அப்படித்தான் தலையை ஆட்டினார்கள். ராக்காயி ரொட்டித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ளய ஏசாதீங்க. தண்ணி குடுத்தது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். கானை, வெந்தயத்தை, மூக்கனை, நாளைக்கு நடக்க இருந்ததை.

"இருவது நாளா?"

"இருவது நாளா."

"நான் சாக்கக் கடிச்சப்ப நீ பக்கத்துலதானே இருந்த?"

"இருந்தேங்க. நீங்க போயிருவீங்கன்னு பயந்துட்டேன். எனக்கு நீங்க வேணும்னுதாங்க…"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே ஜீவராணி கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் அவர் திரும்பினார்.

"மணி என்னா?"

"ரெண்டு."

"எடுத்துட்டு வா."

ராக்காயி போத்தலைத் திறந்து கோடு வரைக்கும் அளந்து கொண்டு வந்தாள். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து, அவள் கையால் கொடுத்த எதையும் அந்த மனுஷன் பார்த்துக் குடித்ததில்லை. அவள் கொடுத்தாள், அவர் குடித்தார், அவ்வளவுதான். இன்று குவளையை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒற்றைக் கண்ணை இடுக்கிக் கோட்டைப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் குடித்தார்.

ராக்காயி குவளையை வாங்கிக் கழுவி, கோடு அவருக்குத் தெரிகிற மாதிரி, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.